கன்னிப்பிறப்புக்கு மாற்றாகத் 'தனிச்சூல் பிறப்பு' சரிவருமா?

குழுமத்து நண்பர்களுக்கு வணக்கம்.

போன கிழமை உயர்தரப் பிள்ளைகளைப் பள்ளித் தோட்டத்துப் பயற்றைப் பந்தலுக்குக் கூட்டிப்போனேன். ஒரு குருத்தைத் திருப்பினால் கருகருவென்று அழுக்கணவன் (அசுவினிப் பூச்சி) அப்பிக்கிடக்கிறது. எறும்பு வேறு காவல். கைவில்லையால் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, "மிஸ், இது குட்டி போடுது" என்றாள். வாங்கிப் பார்த்தேன். தாயின் பின்பக்கத்தில் வெளிறிய குட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கால்கள் இன்னும் உடம்போடு மடிந்தபடி. கொஞ்ச நேரத்தில் காலை உதறி இலையைப் பிடித்துக்கொண்டது.

"இதெல்லாம் பெண். ஆணில்லாமலே பெறும். இதற்குக் கன்னிப்பிறப்பு என்று பெயர்" என்றேன். பின்னால் நின்ற பொடியள் சிரித்தார்கள். மடு மாதா கோயில் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, "அது மாதாவுக்குச் சொல்லுறதெல்லோ மிஸ்?" என்று கேட்டாள். சிரிப்பை அடக்கிவிடலாம். அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கோயிலில் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கிறது, அதைப் பூச்சிக்குத் தூக்கிப் போட்டது நாங்கள்தான்.

கிரேக்கத்தில் 'பார்தெனோஸ்' என்றால் கன்னி. 1849இல் ஆங்கில விலங்கியலாளர் ரிச்சர்ட் ஓவன் தம் நூலுக்கு அதையொட்டிப் 'பார்தெனோஜெனிசிஸ்' என்று தலைப்பு வைத்தார். நாங்கள் அப்படியே பெயர்த்துவிட்டோம். ஒரு நாளைக்கு நாலைந்து குட்டி போடுகிறவளைக் கன்னி என்பது எந்த ஊர் வழக்கம்? அதைவிட, இந்தச் சொல் பெண்ணின் நிலையைச் சொல்கிறதே தவிர, உள்ளே நடப்பதைச் சொல்லவில்லை. மற்றச் சொற்களைப் பாருங்கள். அமீபாவுக்கு இருகூற்றுப்பிளவு, ஐதராவுக்கு அரும்புதல், பிளனேரியாவுக்குத் துண்டாதல். கண்ணால் காண்பதே பெயர். பதிய முறை இனப்பெருக்கம் என்பது தோட்டக்காரர் பதியம் போட்டதிலிருந்து வந்தது. மாரிக்கு ஊன்றிய கிளுவைக் கதியால் துளிர்ப்பதைக் காட்டினாலே பிள்ளைக்கு விளங்கிவிடும்.

எனக்குத் தோன்றியவை மூன்று: கருக்கட்டாப் பிறப்பு, தாய்மகள் பிறப்பு, தனிச்சூல் பிறப்பு. மூன்றாவதில்தான் மனம் நிற்கிறது. இலக்கணப்படி 'தனிச்சூற்பிறப்பு' என்று புணர வேண்டும், ஆனால் பிள்ளைகளின் நாக்கு தடக்கும். பிரித்தே எழுதுவோம்.

— உயிரியல் ஆசிரியை, மாங்குளம்

*

அக்கா, சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடநூலில் 'கன்னி இனப்பெருக்கம்'. அது போகட்டும், எனக்கு உறுத்துவது 'சூல்'. உங்கள் ஊரில் விலங்கின் முட்டைக்கும் சூல் என்பீர்கள். இங்கே தாவரவியலில் பூவின் சூலகத்துக்குள், பின்னால் விதையாவதுதான் சூல். நீங்கள் அதைச் சூல்வித்து என்கிறீர்கள். விலங்குக்கு நாங்கள் அண்டம் என்போம். 'தனிச்சூல்' என்றால் எங்கள் மாணவன் ஒற்றை விதை என்று நினைப்பான். 'கருக்கட்டா' என்பதில் என்ன குறை? உங்கள் கருக்கட்டல்தானே எங்கள் கருவுறுதல்.

இன்னொன்று, பூந்தொட்டி மண்ணில் மண்புழு மாதிரி நெளியுமே, அந்தப் புழுப்பாம்பிலும் இதுவரை கிடைத்தவை எல்லாம் பெண்தான். குரோமோசோம் மூன்று தொகுதி. ஒரே ஒரு பாம்பு தொட்டியோடு கப்பலேறினாலே போதும், புது நாட்டில் குடும்பம் உண்டாகிவிடும். உலகம் முழுக்க அது பரவியது அப்படித்தான். அதையும் பட்டியலில் சேருங்கள்.

*

வவுனியாவிலிருந்து விவசாயப் போதனாசிரியர். ரீச்சர், 'கருக்கட்டா' வேண்டாம். இங்கே மாட்டுக்கு ஊசி போட்டும் சினைப்படாவிட்டால் "கருக்கட்டேல்லை" என்பார்கள். பிள்ளை பிறப்பதற்கு, பிறக்காததைச் சொல்லும் சொல்லையா வைப்பது?

தாய்மகளும் சரிவராது. தேனீ இருக்கிறது. இராணி கருக்கட்டாமல் இடும் முட்டை ஆணாகத்தான் வரும். அந்த ஆணுக்குத் தகப்பன் இல்லை, ஆனால் தாயின் தகப்பன் உண்டு. தகப்பன் இல்லாதவனுக்குப் பேரன் (தாத்தா) பெயர் வைக்கலாம் என்று வகுப்பில் சொல்வேன், எல்லாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

கமக்காரர் அழுக்கணவனைக் கண்டால் "ஒரு இரவில காத்தில வந்திட்டுது" என்பார்கள். இறக்கை முளைத்தது ஒன்றிரண்டு வந்தது உண்மைதான். மிச்சமெல்லாம் அங்கேயே பிறந்தவை. வெக்கையில் ஒரு கிழமைக்குள் குட்டி தாயாகிவிடும், அதன் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறை ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும். குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் வந்தால் ஆணும் பிறந்து, கூடி, முட்டையிட்டுப் பனியைத் தாண்டும். இங்கே பனி எங்கே?

*

இருவருக்கும் நன்றி. கருக்கட்டாவும் தாய்மகளும் விழுந்தன, சந்தோஷம். ஐயா சொன்ன வயிற்றுக்குள் வயிறு எனக்குப் பெரிய உதவி. 'சூல்' என்பதற்குக் கர்ப்பம் என்ற பொருளும் இருக்கிறதே, சூல்கொண்ட மேகம் என்கிறோம். தனியே சூல்கொள்வது என்று எடுத்தாலும் சரி, தனி முட்டை என்று எடுத்தாலும் சரி, சொல் பிழைபோகாது. 1740இல் ஜெனீவாவின் இயற்கை ஆய்வாளர் சார்ல் பொனே செய்ததும் இதுதான். பிறந்த கையோடு ஓர் அழுக்கணவனைத் தனியே அடைத்துவைத்து, அது குட்டி போடும்வரை நாள் தவறாமல் பார்த்திருந்தார். அந்தத் 'தனி' சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்பதே என் பிடிவாதம்.

சென்னைத் தம்பியின் தடை நியாயமானது. தமிழ்நாட்டுக்குத் 'தனியண்டப் பிறப்பு' என்று வைத்துக்கொள்ளலாமா? 'தனி' பொதுவாக நிற்கட்டும், மிச்சத்தை அவரவர் பாடநூலின் சொல்லால் நிரப்பலாம். இரண்டு சொல் வருவது எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் ஆணும் பெண்ணும் கூடாத இனப்பெருக்கத்துக்கு இங்கே இலிங்கமில், அங்கே பாலிலா என்று ஏற்கெனவே இரண்டோடுதானே காலந்தள்ளுகிறோம்.

நேற்று வகுப்பில் புதுச் சொல்லைச் சொல்லிப்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. மடுப் பிள்ளை மட்டும் கொப்பியை மூடாமல் இருந்தாள். "மிஸ், எல்லாம் பெண் என்டால் பிறகேன் அழுக்கணவன்?" என்றாள்.

ஐயா, கமக்காரரிடம் அதற்கு வேறு பெயர் ஏதும் உண்டா?