மெட் கிறிஸ்டோபர்: சிறுவர்களுக்கு விளையாட்டுக் கதை எழுதியவரைப் பற்றி ஒரு கேள்வி

ஹட்டன் ஆசிரியை எழுதியது:

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் தரம் 6 மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற தவணை நன்கொடையாகக் கிடைத்த புத்தகப் பெட்டியில் மெட் கிறிஸ்டோபர் என்ற அமெரிக்க எழுத்தாளரின் சிறுவர் நாவல்கள் மூன்று இருந்தன. புத்தகத்தைக் கண்டாலே தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்கும் மாணவன் ஒருவன், அட்டையில் துடுப்புடன் நின்ற பையனைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இவன் அவுட் ஆவானா, மாட்டானா?" என்று கேட்டான். அன்று தொடக்கம் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் அக்கதையை வாய்மொழியாகத் தமிழில் சொல்லி வருகிறேன்.

இப்போது பிள்ளைகள் கதையை எழுதியவரைப் பற்றியும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் உண்மையிலேயே ஆடியவரா, எழுதுவதே அவருடைய தொழிலா என்று கேட்கிறார்கள். எனக்கும் ஒரு குழப்பம் உண்டு. அவர் 1997இல் காலமானதாக அறிகிறேன். ஆனால் பெட்டியிலுள்ள நூல்களில் ஒன்று 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே முதன்முதலாக வெளிவந்ததென்று அச்சிடப்பட்டிருக்கிறது. இக்கதைகளில் வரும் பேஸ்போல் ஆட்டத்தை எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வாறு விளங்கப்படுத்தலாம் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற நூலகர், கண்டி:

ஆசிரியைக்கு வணக்கம். அவர் ஆடியவர்தான். 1917 ஓகஸ்ட் 16ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் பாத் என்ற ஊரில், ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். வளர்ந்தது நியூயோர்க் மாநிலத்தின் லான்சிங் பகுதியில். இளவயதில் கனேடிய - அமெரிக்க லீக் போட்டிகளில் ஸ்மித்ஸ் ஃபோல்ஸ் அணிக்காகச் சம்பளத்துக்கு ஆடினார். ஆனால் பெரிய அணிகளை அவர் எட்டவில்லை. மைதானத்தில் உச்சத்தைத் தொடாத ஒருவர் என்பதாலேயே, வாங்கில் உட்கார்ந்து தன் பெயர் அழைக்கப்படுமா என்று பார்த்திருக்கும் பையனின் மனம் அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது என்பது என் எண்ணம்.

எழுத்தும் ஆட்டத்தோடு கூடவே வந்தது. 18 வயதில் ஒரு சிறுகதைப் போட்டியில் பரிசு பெற்றார். 1941இல் துப்பறியும் கதையொன்றை 50 டொலருக்கு விற்றார். நெடுங்காலம் பகலில் கம்பனி வேலை, மற்ற நேரத்தில் எழுத்து என்றுதான் அவருடைய வாழ்க்கை கழிந்தது. 1963இல்தான் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

நூலகர் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்றுண்டு. சிரக்கியூஸ் நகரில் வேலை பார்த்த காலத்தில், சிறுவர்களுக்கு ஒரு பேஸ்போல் கதை எழுதலாமா என்று அங்குள்ள கிளை நூலகத்தின் பொறுப்பாளரான பெண்மணியிடம் அவர் யோசனை கேட்டிருக்கிறார். விளையாட்டுக் கதைகள் தங்களுக்கு மிகவும் தேவையாக இருக்கின்றன என்று அந்தப் பெண்மணி உடனே ஊக்கப்படுத்தினார். அவ்வாறு எழுதப்பட்ட அதிர்ஷ்டத் துடுப்பு பற்றிய கதை 1954இல் நூலாக வந்தது. பிள்ளைகள் எதைக் கேட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பது மேசைக்குப் பின்னால் நிற்பவருக்குத்தான் தெரியும். என் சேவைக்காலத்தில் "கிரிக்கெட் கதை இருக்கா?" என்று கேட்டு வந்த பிள்ளைகளுக்கு நான் ஓட்ட எண்ணிக்கைகள் நிறைந்த ஆண்டு மலர்களைத்தான் கொடுக்க முடிந்தது.

அவருடைய நாவல்கள் 100ஐத் தாண்டும். இறப்புக்குப் பின் வந்த நூலைப் பற்றிய உங்கள் குழப்பம் நியாயமானதே. குடும்பத்தினரின் இணக்கத்துடன் வேறு எழுத்தாளர்கள் அதே பெயரில் தொடர்ந்து எழுதினார்கள். அந்தப் பெயர் இன்று ஒரு வணிகக் குறியீடு. ஆகவே உங்களிடமுள்ள மூன்றில் பழையவற்றையே முதலில் சொல்லிக்கொடுங்கள்.

எல்லே ஆட்டக்காரர், பண்டாரவளை:

பேஸ்போலை விளங்கப்படுத்த அதிகம் பாடுபட வேண்டாம், டீச்சர். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் எல்லே (பந்தைத் துடுப்பால் அடித்துவிட்டு ஓடும் நம் நாட்டு ஆட்டம்) பார்க்காத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்காது. அடிப்பவருக்கு மூன்று வாய்ப்பு, அடித்ததும் துடுப்பைப் போட்டுவிட்டு ஓட்டம், குறித்த இடங்களைச் சுற்றிவந்தால் ஓட்டம் கணக்கில் சேரும் என்பவை இரண்டுக்கும் பொதுவானவை. எல்லேயில் ஓடுபவர்மேல் பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்யலாம். பேஸ்போலில் அப்படியல்ல, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரைத் தொடவேண்டும், அல்லது அவர் வந்து சேருமுன் பந்து அந்தத் தளத்துக்குப் போய்விட வேண்டும். கெச்சர் என்று வருபவரை விக்கெட் காப்பாளர் என்று சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் மைதானத்துக்கு வெளியே அடிக்கும் பையனைப் பற்றி அவர் 1972இல் எழுதிய கதை உங்கள் பெட்டியில் இருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள். ஆடத் தெரியாத சில்வெஸ்டர் என்ற பையனுக்கு ஜோர்ஜ் பரூத் என்ற பெரியவர் வந்து ஊக்கம் கொடுக்கிறார். அவரை வேறு யாரும் காண்பதில்லை. பேப் ரூத் என்று உலகமறிந்த ஆட்டக்காரரின் இயற்பெயர் ஜோர்ஜ் ஹேர்மன் ரூத் என்பதும், அவர் 1948இலேயே இறந்துவிட்டார் என்பதும் தெரிந்தவருக்கு அந்தப் பெயர் வந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம்.

ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் சில்வெஸ்டர் ஆடியிருந்தால் ஒவ்வொரு பந்துக்கும் அவுட். பந்து தேயிலைக்குள் விழுந்தால் அடித்தவன் வெளியேற வேண்டும் என்பது எங்கள் சட்டம். தழைத்து நிற்கும் மலையில் டென்னிஸ் பந்தொன்றைத் தேடி எடுப்பதற்குள் இருட்டிவிடும், புதிது வாங்கக் காசும் இராது. கீழ்மலையைக் கவ்வாத்து வெட்டிய வருடம் மட்டுமே எங்களுக்குப் பொற்காலம். வெறுங்கிளைகளுக்கிடையில் பந்து பளிச்சென்று தெரியும். காலைக் கிழித்துக்கொண்டாவது எடுத்து வருவோம். அந்த வருடம்தான் தூக்கி அடிக்கப் பழகினேன்.

நுவரெலியா வாசகர்:

நூலகர் ஐயாவின் கருத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் கிறிஸ்டோபரின் கதைகள் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவை என்ற குறையையும் சொல்லவேண்டும். ஒரு பையனுக்கு ஒரு பயம் அல்லது பலவீனம் இருக்கும், கடைசி ஆட்டத்தில் அது தீர்ந்துவிடும். இதே துறையில் அவருக்கு முன்னோடியான ஜோன் டியூனிஸ் (1889–1975) எனக்கு இன்னும் ஆழமானவராகப் படுகிறார். அவர் விளையாட்டுச் செய்தியாளராக இருந்தவர். சிறுவர் நூலாக வெளிவந்த அவருடைய முதல் நாவல் 1938இல் வந்தது. சிறுவருக்கென்று எண்ணி அவர் எழுதவில்லை. பதிப்பகத்தார்தான் அவரைச் சிறுவர் எழுத்தாளராக்கினர், அந்தப் பட்டம் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவேயில்லை. 1942இல் வந்த அவருடைய நாவலொன்றில், பாடசாலை அணியொன்று தெற்கு மாநிலத்துக்கு ஆட அழைக்கப்படுகிறது. கறுப்பின மாணவன் மட்டும் வரக்கூடாது என்று நிபந்தனை. வெற்றி தோல்வியைவிடப் பெரிய கேள்வி ஒன்றை விளையாட்டுக் கதைக்குள் கொண்டுவரலாம் என்பதற்கு அது நல்ல சான்று. அணித் தெரிவுக்குப் பஸ் காசில்லாமல் போகாது விட்ட பிள்ளைகள் உள்ள நம் மலையகத்தில் இத்தகைய கதைக்கு வேலை உண்டு.

ஓய்வுபெற்ற நூலகர், கண்டி:

அச்சு ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1968இலேயே ஒரு தாயைச் சிறுவர் அணியின் பயிற்றுநராக வைத்து கிறிஸ்டோபர் கதை எழுதினார் என்பதையும் கணக்கில் எடுங்கள். டியூனிஸை விரும்பி வாசிப்பவன், அதற்கு முன் எதையாவது முழுவதும் வாசித்து முடித்தவனாக இருப்பான்.

ஹட்டன் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சில்வெஸ்டர் கதை எங்கள் பெட்டியில் இருக்கிறது. நேற்று எல்லேயை வைத்து விளங்கப்படுத்தினேன். கரும்பலகையில் நான்கு தளங்களையும் வரைந்து முடிப்பதற்குள் பாதி வகுப்பு மைதானத்துக்குப் போகலாம் என்று எழுந்துவிட்டது. அந்தத் தண்ணீர் கேட்கும் மாணவன் மட்டும் 'ஹோம்' எனப்படும் கடைசித் தளத்தைக் காட்டி, "ஓடிவந்து சேர்ற எடத்துக்கு ஏன் டீச்சர் வீடுன்னு பேரு வச்சாங்க?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. யாருக்காவது தெரியுமா?