எஞ்சினை அணைத்த பின் 310 மீட்டரிலேயே வண்டி நின்றுவிடுகிறது: எங்கே இழுக்கிறது?

கேட்பவர் (மூன்றாமாண்டு மாணவர், கோவை):
வணக்கம். குறைந்த எரிபொருளில் அதிகத் தூரம் ஓட்டும் ஷெல் எகோ-மாரத்தான் போட்டியின் புரோட்டோடைப் பிரிவுக்காக, முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக மூன்று சக்கர வண்டி ஒன்றைக் கட்டியிருக்கிறோம். 35 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். வண்டி 40 கிலோ, ஓட்டுநர் 55 கிலோ. எஞ்சினைச் சற்று நேரம் ஓட்டி வேகம் ஏற்றிய பின் அணைத்துவிட்டு உருள விடுவதுதான் எங்கள் உத்தி என்பதால், உருளும் தூரம் குறைந்தால் மைலேஜும் அதோடு போய்விடுகிறது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அணைத்தால், சமதளச் சாலையில் இரு திசைகளிலும் ஓட்டி எடுத்த சராசரி 310 மீட்டர்தான். சென்ற ஆண்டின் வண்டி ஏறத்தாழ இதே எடையில் 450 மீட்டர் உருண்டது. பேரிங்குகளின் கிரீஸைக் கழுவி மெல்லிய எண்ணெய் விட்டோம். டயர்களில் காற்று சரியாக இருக்கிறது. சக்கரங்களைத் தூக்கிவிட்டுச் சுற்றினால் நெடுநேரம் சுற்றுகின்றன. வேறு எங்கே பார்ப்பது?

முன்னாள் அணித் தலைவர்:
தம்பி, முதலில் கணக்கைப் போட்டுவிடுங்கள். 95 கிலோ எடை அந்த வேகத்தில் சுமக்கும் ஆற்றல் ஏறத்தாழ 1,470 ஜூல். அதை 310 மீட்டரால் வகுத்தால் சராசரி இழுவிசை 4.7 நியூட்டன் வருகிறது. 450 மீட்டர் என்றால் 3.3 நியூட்டன்தான். நீங்கள் தேடுவது அந்த 1.4 நியூட்டனை; கையில் 140 கிராம் எடையைப் பிடித்தால் எவ்வளவோ அவ்வளவு. தூக்கிய சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது என்பதால் பேரிங்கை விட்டுவிடலாம். பிரேக் பேட் உரசுகிறதா, முன்சக்கரங்களின் டோ (இரண்டும் இணையாக இல்லாமல் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள்.

கேட்பவர்:
ஒரு பேட் லேசாக உரசியது. சரிசெய்தும் 12 மீட்டர்தான் கூடியது, அண்ணா. அச்சின் உயரத்தில் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே டோ வித்தியாசம் 1 மி.மீ. மட்டுமே.

பட்டறை நடத்துபவர்:
அளந்தபோது ஓட்டுநர் உள்ளே இருந்தாரா? ஆள் ஏறினால் குறுக்குச் சட்டம் வளைந்து சக்கரங்களின் அடி விரியும். டை ராட் (இரு முன்சக்கரங்களையும் இணைத்துத் திருப்பும் கம்பி) அச்சுக்குக் கீழே இருந்தால், அந்த வளைவே சக்கரங்களைத் திருப்பிவிடும். ஆளை உட்கார வைத்து, வண்டியை இரண்டடி முன்னால் தள்ளி, சக்கரங்கள் தம் இடத்துக்கு வந்த பிறகு அளந்து பாருங்கள். நின்ற இடத்திலேயே ஏற்றி அளந்தால் டயர் தரையைப் பற்றிக்கொண்டு பொய் சொல்லும்.

கேட்பவர்:
ஐயா சொன்னபடி செய்தோம். ஓட்டுநரோடு அளந்தால் முன்விளிம்பு 9 மி.மீ. அகன்றிருந்தது! டை ராடின் முனை மூட்டான ராட் எண்ட் ஒன்றில் ஆட்டமும் இருந்தது. அதை மாற்றி, குறுக்குச் சட்டத்தின் அடியில் ஓர் அலுமினியப் பட்டையை ஒட்டி, ஆளோடேயே டோவைப் பூஜ்யத்துக்கு வைத்தோம். நேற்று மாலை காற்றில்லாத நேரத்தில் 428 மீட்டர் உருண்டது. ஒரு சந்தேகம்: மாற்று ஓட்டுநர் 51 கிலோ; அவருக்காக மறுபடியும் வைக்க வேண்டுமா?

முன்னாள் அணித் தலைவர்:
4 கிலோவுக்கு வேண்டியதில்லை. இருவரையும் உட்கார வைத்து ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டால் போதும். ஆனால் விதிப்படி ஓட்டுநர் 50 கிலோவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பாரம் சேர்க்க வேண்டும். எனவே போட்டி வாரத்தில் அவரையும் எடை பார்த்துவிடுங்கள். டை ராட் லாக் நட்டை இறுக்கிய பின் அதன் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். லாரியில் ஏற்றி இறக்கும்போது அது தளர்ந்திருந்தால் கோடே காட்டிக்கொடுத்துவிடும்.