மறு: ஆர்கேட் பெட்டிகளில் ‘டீகொன்வேர்ஷன்’ – தமிழ்ச்சொல் எது?

கொக்குவிலிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம்.

காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ ஆட்டப் பெட்டிகளுக்கான எங்கட சொற்பட்டியலில் ‘டீகொன்வேர்ஷன்’ (வேறு ஆட்டத்துக்கு மாற்றின பெட்டியைப் பழைய ஆட்டத்துக்கே திருப்புதல்) என்ற இடத்தில் ‘புதுப்பித்தல்’ என்று நிற்கிறது. அது பிழை. பக்கப்பலகையில் முன்னர் யாரோ கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தால், புதுப்பிக்கிறவர் அதற்கு மேலே இன்னொரு பூச்சு அடித்துப் பளபளப்பாக்கி விடுவார். நாங்கள் பெயர் தேடும் வேலை அதற்கு நேர்மாறு. கறுப்பைச் சுரண்டி, அடியில் கிடக்கும் 1980ஆம் ஆண்டுப் பக்மான் மஞ்சளை வெளியே எடுக்கிற வேலை அது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், வேலைக்கு விடுகிறவரும் செய்கிறவரும் வேறுவேறு வேலையை நினைத்துக்கொண்டு விலை பேசுவார்கள்.

பெட்டியை வேறு ஆட்டத்துக்கு மாற்றினவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வியாபாரம் சரிந்த காலத்தில் புதுப் பெட்டி வாங்குவதிலும் பார்க்க, போர்ட்டையும் (ஆட்டம் ஓடும் மின்சுற்றுப் பலகை) ஸ்ரிக்கரையும் மாற்றுவது எவ்வளவோ மலிவு. ஆனால் அந்த மாற்றத்தை அடையாளம் கண்டு கழற்றுவது தனி வேலை, அதற்குத் தனிச்சொல் வேணும்.

பாகம் ஒன்றைப் பொருத்துவதை எங்கட ஊரில் ‘பூட்டுவது’ என்றுதான் சொல்கிறோம். ஆகவே ‘பூட்டுக்கழற்றல்’ என்று முன்மொழிகிறேன்.

சாவகச்சேரியிலிருந்து:

> ஆகவே ‘பூட்டுக்கழற்றல்’ என்று முன்மொழிகிறேன்.

அண்ணை, ‘பூட்டுவது’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் இந்தப் பெட்டிகளில் காசுக்கதவிலும் பின்கதவிலும் பூட்டு இருக்கிறது. சாவி தொலைந்த பெட்டிகளும் கனக்க. கையேட்டில் ‘பூட்டுக்கழற்றல்’ என்று கண்டவர் ட்ரில்லோடு காசுக்கதவுக்குத்தான் போவார்.

‘களைவு’ என்று வைப்போம். வேடம் களைதல், ஆடை களைதல் என்கிறோம். பிறகு சேர்ந்தது போகவேணும், அடியில் உள்ளது நிற்கவேணும் என்ற இரண்டும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. முழுச்சொல் ‘மாற்றுக்களைவு’.

சொல் தாங்குமா என்று பார்க்க, பக்மான் பெட்டி ஒன்றின் வேலையையே அதில் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் மாற்றைக் கண்டுபிடிக்க வேணும். அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைப் பக்கப்பலகையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், கறுப்புக்குக் கீழே பழைய அச்சுவெட்டுப் படத்தின் ஓரங்கள் மேடாகத் தெரியும். ஓரப்பட்டியின் பழைய நிறம் அநேகமாகப் பெட்டியின் அடிவிளிம்பில், தூரிகை எட்டாத இடத்தில் தப்பியிருக்கும். பக்மானுக்கு ஒரு ஜொய்ஸ்ரிக், தொடக்கப் பொத்தான் இரண்டு, அவ்வளவுதான். ஆட்டப் பொத்தானே கிடையாது. ஆகவே கட்டுப்பாட்டுப் பலகையில் அதற்கு மேல் எந்தப் பொத்தான் துளை இருந்தாலும் அது பிற்காலத்தது. துளையைப் பசை வைத்து அடைத்து மேலே ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பலகை இரும்பு என்பதால் சின்னக் காந்தம் ஒன்றை மேலே நகர்த்திப் பாருங்கோ. அடைத்த இடத்தில் காந்தம் பிடிக்காது.

உள்ளே திறந்தால் ஜாமா இணைப்பு (வெவ்வேறு ஆட்டங்களின் போர்ட்டுகளை ஒரே வயரிங்கில் செருகுவதற்கான பொது இணைப்பு) இருக்கிறதா என்று பார்க்க வேணும். ஜாமா நியமம் வந்தது 1985இல். ஒரு பக்கத்துக்கு 28ஆக மொத்தம் 56 முனை, முனைக்கு முனை 3.96 மி.மீ. பக்மான் போர்ட்டினது 44 முனை. 1980இன் பெட்டிக்குள் 56 முனை கிடந்தால் மேலதிக விசாரணை தேவையில்லை. மொனிற்றரை நிறுத்திவிட்டுப் படக்குழாயையும் பாருங்கோ. வருடக்கணக்காக ஒரே ஆட்டம் ஓடினால் அதன் கோடுகள் பொஸ்பரில் எரிந்து பதிந்துவிடும். குறுக்காகப் பூட்டியிருக்கும் குழாயில் பக்மானின் சுவர்க்கோடுகள் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தால், நிமிர்ந்து நின்ற மொனிற்றரைப் பிறகு யாரோ திருப்பியிருக்கிறார்கள். அந்தக் குழாயே வேறு பெட்டியிலிருந்து வந்திருக்கவும் கூடும். ஆகவே மொனிற்றரைத் தாங்கும் மரக்கட்டைகளில் பழைய திருகாணித் துளைகள் இருக்கின்றனவா என்றும் பார்த்துத்தான் முடிவு சொல்லலாம்.

பிறகு களைவு. கறுப்பு நீர்ப்பெயின்ற் என்றால் ஐசோபுரொப்பைல் அல்ககோல் இளக்கும். ஒரு தடவைக்கு உள்ளங்கை அளவு இடம், நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து, பிளாஸ்ரிக் சுரண்டியால் தள்ள வேணும். தின்னர் கூடவே கூடாது. அது கறுப்பையும் எடுக்கும், அடியில் உள்ள மஞ்சளையும் எடுக்கும். முதற் சோதனையை முழங்காலுக்குக் கீழே, பின்புற மூலையில் செய்யுங்கோ.

வயரிங்கில் அவசரப்பட்டால்தான் பெரிய நட்டம். ஜாமா இணைப்பை வெட்டி எறிந்துவிட்டுத் தொடங்கக் கூடாது. எந்த வயர் எங்கே போகிறது என்று மல்ரிமீற்றரால் ஒவ்வொன்றாகப் பிடித்து, இரண்டு நுனிக்கும் இலக்கச்சீட்டு ஒட்டி, 44 முனைக்கும் அட்டவணை எழுதிய பிறகுதான் வெட்டலாம். ரேப் சுற்றிய முறுக்கு இணைப்புகளை எங்கட வெயிலிலும் கடற்காற்றிலும் நம்பவே ஏலாது. பசை உருகி வழிந்து ரேப் கழரும், செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு ஏறின நீளத்தை வெட்டிவிட்டு, அதே தடிப்பு வயரை ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போட வேணும்.

மானிப்பாயிலிருந்து:

தம்பி, ‘களைவு’ நல்ல சொல். எதைக் களைவது என்று மட்டும் அது சொல்லவில்லை. அதில்தான் ஆபத்து.

நின்டெண்டோவின் ராடார் ஸ்கோப் என்ற ஆட்டம் அமெரிக்காவில் விற்காமல் தேங்கியது. 1981இல் அந்தப் பெட்டிகளில் சுமார் 2,000ஐ நிறுவனமே டொங்கி கொங்காக மாற்றியது. சிவப்பு நிற டொங்கி கொங் பெட்டிகள் அவைதான். “பிறகு சேர்ந்ததை எடு” என்ற வரைவிலக்கணத்தைக் கையில் வைத்திருப்பவர் அதைக் களைந்து ராடார் ஸ்கோப் ஆக்கினால், முதலாவது டொங்கி கொங் பெட்டிகளில் ஒன்று அழியும். மிஸ் பக்மானும் அப்படித்தான். பக்மானுக்கான மேம்பாட்டுப் பொதியாக வேறொரு கொம்பனி செய்ததை, அமெரிக்காவில் பக்மானை வெளியிட்ட மிட்வே வாங்கி 1982இல் வெளியிட்டது. போர்ட்டைத் திறந்தால் அடியில் பக்மான் போர்ட், அதன் இசட்80 செயலிச் சிப்புக்கான சொக்கற்றில் துணைப்போர்ட் ஒன்று செருகியிருக்கும். அந்தத் துணைப்போர்ட் மாற்றுத்தான், அதே நேரம் அதுதான் மூலமும்.

ஆகவே மாற்றை வகை பிரிப்போம். தயாரித்தவரே செய்தது ஆலைமாற்று. கடைக்காரர் செய்தது கடைமாற்று. ஆபத்தைத் தவிர்க்கச் செய்தது காப்புமாற்று. களைவு இரண்டாவதற்கு மட்டும்.

காப்புமாற்றுக்கு உதாரணம், ரொபொற்றோன் என்ற ஆட்டத்தின் போர்ட்டில் இருந்த மூன்று ஏஏ பற்றரிகளை எடுத்துவிட்டு, பற்றரி தேவைப்படாத நினைவக சிப் போடுவது. பற்றரி கசிந்தால் பக்கத்துத் தடங்களைத் தின்றுவிடும். மூலநிலை என்று சொல்லித் திரும்பப் பற்றரி போடுவது பெட்டிக்குச் செய்யும் தீங்கு. 120 வோல்ற் பெட்டிக்கு எங்கட 230 வோல்ற்றுக்காக முன்னால் போட்ட ரான்ஸ்போமரும் இந்த வகைதான்.

இதற்கு நேரெதிரான கடைமாற்றும் உண்டு. பழைய மின்வழங்கியைத் தூக்கிவிட்டுச் சுவிச்சிங் சப்ளை போட்டவர்கள் சிலர், அதோடு இருந்த, மொனிற்றரை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் இஸொலேஷன் ரான்ஸ்போமரையும் தூக்கிவிட்டு மொனிற்றரை நேரே மெயின்ஸில் கொடுத்திருப்பார்கள். எலெக்ட்ரோஹோம் ஜி07 போன்ற மொனிற்றர்களின் சட்டகம் அப்போது உயிர்மின்னில் நிற்கும். பிளக்கைக் கழற்றி, பெட்டியின் சுவிச்சை ஓன் நிலையில் வைத்து, பிளக்கின் மின்முனை ஒவ்வொன்றுக்கும் மொனிற்றருக்குப் போகும் இரு வயர்களுக்கும் இடையில் தடையை அளவுங்கோ. தொடர்பே இருக்கக் கூடாது. சில ஓம் காட்டினால் இஸொலேஷன் இல்லை. மற்ற எந்தக் களைவுக்கும் முன்னர் இதைச் சரிசெய்ய வேணும்.

நல்லூரிலிருந்து:

ஐயா, வகைப்பாட்டுக்கு என் முழு ஆதரவு. ‘கடைமாற்று’ மட்டும் இடறுகிறது. கடை என்றால் இறுதி என்றும் பொருள். மூன்று தடவை மாறின பெட்டியில் ‘கடைமாற்றைக் களைக’ என்று எழுதினால், கடைசி மாற்றை மட்டும் எடுத்துவிட்டு நிற்பார்கள். பெட்டி ஓடிய இடத்தில் செய்தது என்ற பொருளில் ‘களமாற்று’ என்று வையுங்கோ.

சாவகச்சேரியிலிருந்து:

களமாற்று சரி. கடையில் செய்தாலும் பட்டறையில் செய்தாலும் அது பொருந்தும்.

போர்ட்டுக்குள்ளும் களமாற்று இருப்பதால் அதையும் வரைவில் அடக்க வேணும். பக்மான் போர்ட்டுக்கு 7 வோல்ற் மாறுமின்னோட்டம் விளிம்பு இணைப்பு வழியாகத்தான் போகிறது, நேராக்குவது போர்ட்டில். அதனால் அந்த முனைகள் கருகும். கருகினதும் ரான்ஸ்போமரிலிருந்து போர்ட்டுக்கு நேரே வயர் ஒட்டிவிடுவார்கள். அதைக் களைவதென்றால் இணைப்பியையும் புதிதாகப் போட வேணும். போர்ட் விளிம்பில் கருகின தொடுமுனைகளுக்கு மேலே ஈயத்தைத் தடிப்பாகப் பூசினால் இணைப்பியின் வில்லுகள் விரிந்து, பிறகு நல்ல போர்ட் செருகினாலும் பிடிக்காது.

ஆட்டத்தை வேகமாக்கும் சிப்பும் அப்படியே. வெளியே ஒரு அடையாளமும் இராது. பக்மானின் நான்கு நிரல் ரொம்களையும் (ஆட்டத்தின் நிரல் பதிந்த சிப்புகள்) வாசித்து, மாம் என்ற ஆர்கேட் ஆட்ட மென்பொருளின் பட்டியலில் உள்ள சிஆர்சி சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டால் எது மாறினது என்று பிடிபடும். திரும்ப எழுதும்போது கவனம்: சொக்கற் 2532 என்ற வகைச் சிப்புக்கு உரியது. கையில் கிடைப்பது 2732 என்றால் 18, 20, 21ஆம் கால்களின் வேலை வேறு. இடையில் மாற்றுச் சொக்கற் இல்லாமல் செருகினால் ஆட்டம் தொடங்காது, பிழை ரொம்மில் என்று நினைத்து நாட்கள் போகும்.

வரைவு: “களைவு – பெட்டியிலோ போர்ட்டிலோ உள்ள களமாற்றைச் சான்றோடு அடையாளம் கண்டு, ஆலைமாற்றையும் காப்புமாற்றையும் தொடாமல் நீக்குதல்.”

கொக்குவிலிலிருந்து:

‘பூட்டுக்கழற்றல்’ முன்மொழிவை மீளப்பெறுகிறேன். வரைவில் “நீக்கிப் பேணுதல்” என்று மாற்றுங்கோ. கழற்றின ரொம், ஜாமா இணைப்பு, வெட்டின வயர் நுனி எல்லாம் பெட்டியோடேயே இருக்க வேணும். அடுத்ததாகத் திறக்கிறவருக்கு அவைதான் சான்று. சிப்புகளைச் சாதாரணப் பொலித்தீனில் போடாமல், நிலைமின் தடுக்கும் பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு, திகதி எழுதி, பின்கதவின் உட்புறத்தில் திருகாணியால் பொருத்தின உறைக்குள் வைப்பது என்று அடிக்குறிப்பாகச் சேர்த்துவிடுங்கோ.