மாலை ஆறு மணிக்கு மேசைக்கு வந்தும் படிப்பு நகரவில்லை: நேரம் வீணாவதை எப்படி நிறுத்துவது?

உப்புவெளி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை நகரில் அரச அலுவலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக ஒன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். பதவி உயர்வுக்கான போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதற்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. சென்ற முறை மிகச் சில புள்ளிகளால் வாய்ப்பு கைநழுவியது. பாடம் விளங்காமல் அல்ல, படிக்க உட்காராமல்தான் அது போயிற்று என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான்கேகாலுக்கு வேலை முடிந்து பஸ் பிடித்தால் ஐந்து மணியளவில் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆறு மணிக்கு மகன் டியூசனுக்குப் போய்விடுவான். இரவுச் சமையலை அம்மா பார்த்துக்கொள்கிறார். ஆகவே ஆறு மணி முதல் எட்டு மணி வரை வீட்டில் என்னை அழைப்பதற்கு யாருமில்லை.

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஆறு மணிக்குக் கொப்பியைத் திறந்து திகதியிட்டு, "நுண்ணறிவு, பயிற்சி 4" என்று தலைப்பெழுதி, அதன் கீழே சிவப்புப் பேனையால் கோடு கீறினேன். வினாத்தாள் போனில் இருந்ததால் போனை எடுத்தேன். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது. அதற்குப் பதில் எழுதினேன். அதற்குக் கீழே உறவினர் வீட்டுச் சாமத்தியச் சடங்குப் படங்கள், அங்கிருந்து பேஸ்புக், அங்கிருந்து ஒரு சமையல் காணொளி. மகன் கேற்றைத் திறக்கும் சத்தம் கேட்டபோது மணி ஏழு ஐம்பது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஓர் எழுத்துக்கூட இல்லை. முன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். முந்தைய இரண்டு நாட்களிலும் திகதி, அதே தலைப்பு, அதே சிவப்புக் கோடு மட்டுமே இருந்தன.

செயலிகளை அழித்துப் பார்த்தேன். இரண்டாம் நாளே திரும்பவும் ஏற்றிவிட்டேன். பதினைந்து நிமிடக் கணக்கில் கால அட்டவணை போட்டு அலுமாரிக் கதவில் ஒட்டினேன். நான்காம் நாளிலிருந்து அதைப் பார்ப்பதற்கே கூச்சமாக இருந்தது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தும் பார்த்தேன், அலுவலகத்தில் தூங்கி வழிந்ததுதான் மிச்சம். போன் காட்டும் கணக்கின்படி சென்ற வாரம் நாளொன்றுக்குச் சராசரி 4 மணி 10 நிமிடம் அதற்கே போயிருக்கிறது. வேலையும் பிள்ளையும் உள்ள ஒருவர் இதிலிருந்து உண்மையில் மீண்டிருந்தால், என்ன செய்து மீண்டீர்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை:

மகள், உங்கள் கொப்பியின் அந்த மூன்று பக்கங்களைப் பற்றியே முதலில் எழுத விரும்புகிறேன். நீங்கள் அவற்றைத் தோல்வியின் சாட்சியாகக் காண்கிறீர்கள். முப்பத்தொரு ஆண்டுகள் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திய எனக்கு அவை வேறொன்றைச் சொல்கின்றன: நீங்கள் மூன்று நாட்களும் உரிய நேரத்துக்கு மேசைக்கு வந்திருக்கிறீர்கள். சோம்பேறி மேசைக்கே வருவதில்லை. ஆனால் கோடு கீறி முடித்த பின்பு கை எதைச் செய்ய வேண்டும் என்பது அந்தத் தலைப்பில் இல்லை. "பயிற்சி 4" என்பது ஒரு வேலையின் பெயர் மட்டுமே. "11 ஆம் வினாவை வாசித்துத் தரப்பட்ட எண்களைக் கொப்பியில் எழுதுதல்" என்று இருந்திருந்தால் பேனை நகர்ந்திருக்கும். செய்ய வேண்டியது தெளிவில்லாத அந்த ஒரு நிமிடத்தில்தான் மனம் எளிதான இடம் தேடி ஓடுகிறது, அந்த நேரம் பார்த்துப் போனும் கையில் இருந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்ற பரீட்சையின் கசப்பும் உங்களோடு சேர்ந்து அந்த மேசையில் உட்காருகிறது என்று நினைக்கிறேன். வேலையைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் நேரத்தைக் கையாளத் தெரியாததால் வருவதில்லை. அந்த வேலை கிளறும் மனவேதனையிலிருந்து தப்புவதற்காகவே வருகிறது என்பதை உளவியலாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கனடாவின் கார்ள்டன் பல்கலைக்கழகத்தில் 119 முதலாமாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010 இல் வெளியான ஆய்வொன்றில், முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டனர் எனக் கண்டார்கள். நான் ஆசிரியராக இருந்த காலத்தில் இதற்கு எதிராகவே நடந்தேன். பிந்திப் படித்த பிள்ளையை ஏசினால் அடுத்த முறை முந்திப் படிப்பான் என்று மெய்யாகவே நம்பினேன். ஏச்சு வாங்கிய பிள்ளை பாடத்தைக் கண்டாலே ஒளிந்துகொண்டான். இன்றைக்கும் அதை நினைக்கையில் மனம் வருந்துகிறது. நீங்கள் உங்களை ஏசாதீர்கள்.

அலுமாரிக் கதவில் உள்ள அட்டவணையை இன்றே கழற்றிவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு வாரத்துக்கு, கழிந்த நேரத்தைக் கழிந்தபடியே ஒரு சிறு கொப்பியில் எழுதுங்கள். திருத்த வேண்டாம், எழுதினால் போதும்.

பாலையூற்று தையல் அக்கா:

தங்கச்சி, நான் வீட்டிலிருந்து தைக்கிறேன். எனக்கு மேலதிகாரி கிடையாது, வரவுப் பதிவேடு கிடையாது. நேரம் வீணானால் அந்த வாரமே சமையலறையில் தெரிந்துவிடும்.

ஆசிரியர் ஐயா எழுதியதைத் தையலில் நான் இப்படிக் கண்டேன். முன்பெல்லாம் இரவில் கையில் உள்ள சட்டையை முழுமையாக முடித்து, மடித்து, மேசையைத் துப்புரவாக்கிவிட்டே படுப்பேன். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காலையில் வெறும் மேசையின் முன் வந்து நின்றால் எந்தத் துணியை எடுப்பது, எந்த நூலைப் போடுவது என்று யோசித்தபடி போனைக் கையில் எடுத்துவிடுவேன். இப்போது வேண்டுமென்றே பாதியில் நிறுத்துகிறேன். தோள் மூட்டு முடிந்து கைப்பகுதி பாதி தைத்த நிலையில், ஊசி துணிக்குள் இறங்கியபடியே மெஷினை விட்டுவிட்டு எழுந்துவிடுவேன். நிறம் பொருந்திய நூல் கோத்தபடி இருக்கும், பொபினும் சுற்றி இருக்கும். காலையில் கதிரையில் உட்கார்ந்து காலால் மிதித்தால் போதும், வேலை தானாக ஓடத் தொடங்கிவிடும். நீங்களும் ஒரு வினாவைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் பாருங்கள். முதலில் மனம் அரித்துக்கொண்டேயிருக்கும். அந்த அரிப்புத்தான் மறுநாள் உங்களை மேசைக்கு இழுத்து வரும்.

அடுத்தது போன். உங்கள் வினாத்தாள் போனில் இருப்பதுபோல எனக்குக் கழுத்து வெட்டுப் படங்கள் போனில் இருந்தன. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள். ஒரு பிளவுஸின் பின்கழுத்து எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதற்குத் திறந்தால் அரை மணித்தியாலம் போய்விடும். வேலைக்காகத்தான் எடுக்கிறேன் என்ற நியாயம் இருந்ததால் அதை நேர வீணாக நான் எண்ணவே இல்லை. இப்போது படம் வந்ததும் அளவுக் கொப்பியில் அந்தப் பெயருக்கு எதிரே கழுத்தைப் பென்சிலால் வரைந்து, ஆழத்தை அங்குலத்தில் எழுதிக்கொள்கிறேன். போன் முன் அறையில் சார்ஜில் கிடக்கிறது, மணியடித்தால் எழுந்து போய் எடுப்பேன். நீங்களும் தொடர்பாடல் கடையொன்றில் அந்த வினாத்தாள்களை அச்செடுத்துவிடுங்கள். செயலியை அழிப்பதைவிட, போனை எடுப்பதற்கான காரணத்தை அழிப்பதே பலன் தரும் என்பது என் அனுபவம்.

கோணேசபுரி மாணவன்:

அக்கா, நேரத்தைத் துண்டு போட்டுப் படிக்கும் 'பொமொடோரோ' முறையைப் பலரும் பரிந்துரைப்பார்கள் என்பதால் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில், தாம் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்து உருவாக்கிய முறை அது. 25 நிமிடம் ஒரே வேலை, பிறகு 5 நிமிட ஓய்வு.

மனனம் செய்வதற்கும் குறிப்பெழுதுவதற்கும் அது எனக்கு மிகவும் உதவியது. கணிதத்துக்கு உதவவில்லை. கணக்கு பிடிபட்டு வரும்போதே மணியடித்துவிடும். ஆகவே கணிதத்துக்கு 50 நிமிடம், 10 நிமிட ஓய்வு என மாற்றிக்கொண்டேன். அந்தப் பத்து நிமிடத்தில் போனைத் தொடுவதில்லை என்பதே என் ஒரே கட்டுப்பாடு. தொட்ட நாட்களில் ஓய்வு முடியவே இல்லை. முற்றத்தில் நடப்பேன், அல்லது கிணற்றடியில் முகம் கழுவுவேன். போனில் கடிகாரம் வைக்காதீர்கள். சிறிய மேசைக் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கிண்ணியா வாசகர்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சகோதரி, என் கதை பாலத்தில் தொடங்குகிறது. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும் வரை நாங்கள் 'பாதை' என்று அழைக்கும் மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போனோம். நான் அப்போது நகரத்தில் ஒரு கடையில் கணக்கெழுதினேன். பாதைக்குக் காத்திருப்பதும் ஏறி இறங்குவதுமாகக் காலையும் மாலையும் நிறைய நேரம் போகும். அந்தக் காத்திருப்பில் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பேன். கணக்கியல் பாடநெறி ஒன்றின் முழுக் குறிப்பையும் அங்கே நின்றுதான் படித்து முடித்தேன்.

பாலம் வந்தது. 396 மீற்றர் தூரத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடலாம் என்றானபோது ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். மிஞ்சும் நேரத்தில் அடுத்த பாடநெறியைத் தொடங்குவேன் என்று வீட்டில் சொன்னேன். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் பாடநெறியும் இல்லை, பத்திரிகை வாசிப்பும் இல்லை. மிஞ்சிய நேரம் எங்கே போயிற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை. காலையில் மெதுவாக எழுந்தேன், தேநீரை மெதுவாகக் குடித்தேன், மாலையில் சந்தியில் கூடுதலாக நின்றேன். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கும் அந்த வேலை விரிந்துகொள்ளும் என்று நோர்த்கோட் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1955 இல் எழுதினார் என்பதைப் பின்னர் அறிந்தேன். எனக்கு அது பாலத்தில் விளங்கியது. நேரத்தை மிச்சம் பிடித்தால் மட்டும் போதாது. அது கைக்கு வரும் முன்பே அதற்கொரு வேலையைக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது எனக்கென்று ஒரு ஹாட்வெயார் கடை இருக்கிறது. கடன் கொப்பியை அன்றன்றே எழுதாமல் வார இறுதிக்குத் தள்ளிப்போட்டு, யார் எத்தனை பக்கெட் சீமெந்து எடுத்தார் என்பது மறந்து நட்டப்பட்டதும் உண்டு. மணி ஏழுக்கு எழுதுவேன் என்று வைத்துப் பார்த்தேன், ஒரு நாளும் சரிவரவில்லை. பிறகு அந்தி நேரத் தொழுகையான மஃரிப் தொழுது வந்து கடைக் கதிரையில் உட்கார்ந்ததும் கடன் கொப்பி என்று வைத்தேன். ஆண்டு முழுவதும் தவறாத ஒன்றோடு அதைக் கட்டிவிட்டதால் நினைவூட்டல் தேவைப்படவில்லை. மஃரிபுக்கும் இரவுத் தொழுகையான இஷாவுக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். கணக்கு அதற்குள் முடிந்தாக வேண்டும். கல்வியியற் கல்லூரியில் படிக்கும் என் மகள், "இது நடந்தால் உடனே அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் இந்த முறையை ஜேர்மன் உளவியலாளர் பீற்றர் கோல்விற்சர் நீண்ட காலம் ஆராய்ந்திருப்பதாகச் சொன்னாள். உங்கள் வீட்டில் மாலை விளக்கேற்றும் வழக்கம் இருந்தால், விளக்கேற்றியதும் மேசை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்கிறேன். ஓய்வையும் வீண் நேரக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை பேரப்பிள்ளைகளோடு கடற்கரையில் இருந்துவிட்டு வந்தால் என் உடல் தெளிகிறது. அதே அளவு நேரம் போனைப் பார்த்துவிட்டு எழுந்தால் கண் எரிகிறது, களைப்பும் தீர்வதில்லை. எழுந்த பிறகு உடல் என்ன சொல்கிறது என்று கவனித்தால் எது ஓய்வு என்பது தெரியும்.

உப்புவெளி வாசகி, மூன்று வாரங்களுக்குப் பின்:

உங்கள் அனைவரின் பதில்களையும் பலமுறை வாசித்தேன். நடந்ததைச் சொல்வது என் கடமை.

அக்கா சொன்னபடி எட்டு வினாத்தாள்களை அச்செடுத்து நூலால் கட்டி மேசையில் வைத்தேன். அதே நாளில் போன் சமையலறை அலுமாரியின் மேல் தட்டுக்குப் போனது. அம்மா விளக்கேற்றியதும் உட்காருகிறேன். முதல் வாரத்தில் ஐந்து நாட்கள் படித்தேன், இரண்டாம் வாரத்தில் ஆறு நாட்கள். மூன்றாம் வாரத்தில் மகனுக்குக் காய்ச்சல் வந்து மூன்று இரவுகள் போயின. முன்பென்றால் அதோடு எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் லண்டனில் 96 பேரைப் பன்னிரண்டு வாரங்கள் தொடர்ந்து கவனித்து பிலிப்பா லாலி குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பற்றி இதற்கிடையில் வாசித்திருந்தேன். ஒரு பழக்கம் தானாக நிகழ்வதற்குச் சராசரி 66 நாட்கள் சென்றன என்றும், இடையில் ஒரு நாள் தவறியது அதைக் குலைக்கவில்லை என்றும் அதில் இருந்தது. எனக்குத் தவறியது ஒன்றல்ல, மூன்று நாட்கள் என்றாலும், ஆசிரியர் ஐயா சொன்னதை நினைத்து என்னை ஏசாமல் நான்காம் நாள் உட்கார்ந்தேன்.

ஒரு வாரம் எழுதிய நேரக் கொப்பியில் நான் எதிர்பாராத ஒன்றும் தெரிய வந்தது. மாலையைவிட, படுத்த பிறகு போகும் நேரமே பெரிது. இரவு பத்து முதல் பதினொன்றரை வரை படுக்கையில் போன். அதை இன்னும் வெல்லவில்லை. அலாரம் போனில் இருப்பதால் தலைமாட்டுக்கு வந்துவிடுகிறது. தம்பி சொன்ன மேசைக் கடிகாரத்தைச் சனிக்கிழமை வாங்கப் போகிறேன்.

பாதியில் நிறுத்துவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருக்கிறது, அக்கா. நேற்று 17 ஆம் வினாவில் விடை கண்ணுக்குத் தெரிந்தபோதே பேனையை மூடிவிட்டு எழும்பினேன். இன்று அலுவலகத்திலிருந்து வரும்போது பஸ்ஸிலேயே அதைச் செய்து முடித்துவிட்டேன். இப்படி நடந்தால் அடுத்த வினாவையும் பாதி தொடங்கி வைக்க வேண்டுமா?