டிரில்லிங் மெஷினில் வைஸ் (பொருளைக் கவ்விப் பிடிக்கிற இரும்புப் பிடி) சுற்றிவிட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

ஆவாரம்பாளையம் ஃபிட்டர்:

கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் சேர்ந்தபோது எனக்கு 19 வயது. ஐடிஐயில் ஃபிட்டர் முடித்த கையோடு வந்தவன். முதல் இரண்டு மாதமும் பில்லர் டிரில்லில்தான் (தூணில் பொருத்திய டிரில்லிங் மெஷின்) நின்றேன். பம்பு ஃபிளாஞ்சு, பிராக்கெட், பேஸ் பிளேட் என்று நாள் முழுக்க ஓட்டை போடுகிற வேலை.

அன்றைக்கு வந்தது 10 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) பிளேட். ஒவ்வொன்றிலும் 12 மி.மீ. ஓட்டை நான்கு. பிளேட்டை மெஷின் வைஸில் இறுக்கினேன், வைஸை டேபிளோடு சேர்த்து போல்ட் போடவில்லை. நான்கு ஓட்டைக்கும் வைஸை நகர்த்த வேண்டும், ஒவ்வொரு தடவையும் நட்டைத் தளர்த்தி முடுக்கினால் மாலைக்குள் வேலை முடியாது. வைஸே பதினைந்து கிலோ கனம், அது எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன். இடது கையால் வைஸின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் லீவரை இறக்கினேன்.

காலையிலிருந்து இருபது ஓட்டைக்கு மேல் போட்டாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததில் பிட் (ஓட்டை போடுகிற சுருள் கம்பி) அடிப்பக்கம் வெளியே வருகிற நேரம், 'கடக்' என்று ஒரு சத்தம். வைஸ் என் கையை உதறிவிட்டுச் சுற்றியது. சுற்றி வந்த கைப்பிடி மணிக்கட்டில் அடித்தது. பிட் முறிந்து, பக்கத்து லேத்தில் நின்ற அண்ணன் ஓடிவந்து சுவிட்சை அணைத்த பிறகுதான் எனக்கு வலியே தெரிந்தது. எலும்பில் விரிசல். ஐந்து வாரம் மாவுக்கட்டு.

திரும்பி வேலைக்குப் போன அன்று அந்த அண்ணன் ஒரு துண்டுப் பிளேட்டில் ஓட்டையை முக்கால்வாசி போட்டு நிறுத்தி, அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பிட் இன்னும் வெளியே வரவில்லை, ஆனால் நடுவில் லேசாகப் புடைத்திருந்தது. "இங்கேதான்டா உனக்கு அடி விழுந்தது" என்றார். பிட்டின் நுனியில் நடுவே இருக்கிற சின்னக் குறுக்கு விளிம்பு இரும்பை வெட்டுவதில்லை, நசுக்கித் தள்ளுகிறது. நாம் கொடுக்கிற அழுத்தத்தில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது. அது அடியில் வெளியே வந்ததும் எதிர்ப்பு சட்டென்று குறைந்துவிடும். கை மட்டும் அதே பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்கும். பிட் ஒரேயடியாக இறங்கி, இரண்டு வெட்டு முனைகளும் கனமாகக் கடித்துவிடும். அப்புறம் அதன் சுருள், மரத்துக்குள் திருகாணி இறங்குகிற மாதிரி, பிளேட்டைத் தன்மேல் இழுத்துக்கொண்டு ஏறும். மோட்டாரின் மொத்த இழுவையும் வைஸுக்குப் போகும். மனிதக் கை அதற்கு ஈடு கொடுக்காது.

இன்னொரு தப்பையும் அவர்தான் கண்டுபிடித்தார். முந்தைய நாள் எம்6 டேப்புக்கு (6 மி.மீ. போல்ட்டுக்கு மரை வெட்டுகிற கருவி) 5 மி.மீ. ஓட்டை போட்டிருந்தோம். மெஷினின் வேகத்தை மாற்றுகிற பெல்ட் அந்த வேகத்திலேயே கிடந்தது, கிட்டத்தட்ட 1400 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டில் எம்.எஸ்.ஸுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்தால் 12 மி.மீ. பிட்டுக்கு 660 போதும். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியதால் பிட்டின் ஓர முனை சூடாகி மழுங்கியிருந்தது. மழுங்கின பிட்டை இன்னும் பலமாக அழுத்தியிருக்கிறேன்.

இப்போது எனக்கே சின்னதாக ஒரு பட்டறை இருக்கிறது. இரண்டு பக்கமும் டி-போல்ட் (வைஸை டேபிளோடு இறுக்குகிற போல்ட்) போடாமல் யாரும் லீவரைத் தொடக் கூடாது. அதோடு வைஸை எப்போதும் இடப்பக்கம் நீட்டித்தான் வைக்கச் சொல்வேன். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் போகிற திசையில் சுற்றுகிறது. பிடி தவறினால் வைஸின் இடது முனை பின்னால் ஓடி மெஷினின் தூணில் முட்டி நின்றுவிடும். வலப்பக்கம் நீட்டி வைத்தால் அந்த முனை நேராக நம் வயிற்றுக்கு வரும். தூண் இருக்கிறதே என்று போல்ட்டை விட்டுவிடாதீர்கள், அது இரண்டாவது காவல்தான்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

துவாக்குடி சார்:

தம்பி, கை இப்போது சரியாக இருக்கிறதா? நான் பயிற்சி கொடுக்கிறவன். கனமான பிளேட்டை விட எனக்குப் பயம் மெல்லிய தகடுதான். 18 கேஜ் (சுமார் 1.2 மி.மீ. கனம்) தகட்டில் 10 மி.மீ. ஓட்டை போட ஒரு பையன் அதை வெறுமனே கையில் பிடித்தான். கை கிழியாமல் இருக்கட்டும் என்று துணிக் கையுறை வேறு போட்டிருந்தான், யாரோ வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிட் கடித்ததும் தகடு காற்றாடி போலச் சுற்ற ஆரம்பித்தது. கையுறையின் நூல் பிட்டில் சிக்கியது. நல்லவேளை நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன், உடனே நிறுத்திவிட்டேன். சுண்டுவிரலில் ஆறு தையல். வெறுங்கையாக இருந்திருந்தால் கையை இழுத்திருப்பான், கையுறை இழுக்க விடவில்லை. சுற்றுகிற மெஷினில் கையுறை கூடவே கூடாது என்று அன்றிலிருந்து முதல் வகுப்பிலேயே சொல்கிறேன். தகட்டுக்கு அடியில் ஒரு பலகை, மேலே ஒரு பலகை, இரண்டையும் சேர்த்து கிளாம்ப். ஓட்டையும் வட்டமாக வரும், பிசிறும் குறையும்.

பித்தளை போடுகிறவர்களுக்கு ஒன்று. இரும்புக்குத் தீட்டிய பிட் பித்தளையைக் கண்டால் தானாகவே உள்ளே பாயும். வெட்டு முனையின் முன்பக்கத்தை எண்ணெய்க் கல்லில் லேசாக இரண்டு தேய் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டுப் போடுங்கள்.

ஓசூர் பொண்ணு:

எனக்கு நடந்தது சக் சாவியால் (பிட்டைப் பிடிக்கிற சக்கை இறுக்கும் சாவி). பிட் மாற்றிவிட்டுச் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டேன். பறந்து போய் எதிர்ச்சுவரில் இருந்த டியூப்லைட்டை உடைத்தது. அந்த வழியாக ஒரு அக்கா டீ எடுத்துக்கொண்டு அப்போதுதான் கடந்து போயிருந்தார். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. எங்கள் லைன் அக்கா மறுநாள் என்னைத் திட்டவில்லை. சாவி சக்கில் இருக்கிற வரைக்கும் கை அதை விடக்கூடாது, கை விட்டால் அது தட்டில் இருக்கணும் என்று மட்டும் சொன்னார். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான்.

மாடி பட்டறை, சென்னை:

படிக்கவே நெஞ்சு படபடக்கிறது. வீட்டு மாடியில் சின்ன பெஞ்ச் டிரில் வைத்திருக்கிறேன், 13 மி.மீ. சக். இத்தனை நாளும் வைஸைக் கையால் பிடித்துத்தான் போட்டிருக்கிறேன். என் மெஷின் டேபிளில் டி-ஸ்லாட்டே (டி-போல்ட் மாட்டுகிற பள்ளம்) கிடையாது, நீளவாக்கில் நான்கு திறப்புகள் மட்டும் இருக்கின்றன. அதில் எப்படி இறுக்குவது? அப்புறம், 20 மி.மீ. உருண்டைக் கம்பியில் குறுக்கே ஓட்டை போட்டால் பிட் எப்போதும் வழுக்குகிறது.

ஆவாரம்பாளையம் ஃபிட்டர்:

சார், கை நன்றாக இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் வலிக்கும்.

சென்னை நண்பரே, அந்தத் திறப்பு வழியாகவே சாதாரண போல்ட்டை விட்டு, அடியில் பெரிய வாஷர் வைத்து நட் போடுங்கள். டி-ஸ்லாட் தேவையே இல்லை. உருண்டைக் கம்பியை வைஸின் தாடையில் நேராகப் பிடிக்காமல் வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளமுள்ள கட்டை) உட்காரவைத்து, சென்டர் பஞ்ச் (ஓட்டையின் நடுவில் குழி போடுகிற கூர்முனைக் கருவி) ஆழமாக அடித்து, முதலில் 3 மி.மீ. பிட்டில் வழி எடுங்கள். திறப்பின் அகலத்தை அளந்து எழுதுங்கள், எந்த போல்ட் என்று சொல்கிறேன். அதுவரைக்கும் மெஷினின் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.