எண்ணெய், எரிவாயு எடுக்கப்படும் ஊர்களில் நில உரிமை எஞ்சுகிறதா?

மேழியன்:
எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்காக யாருடைய நிலமும் பறிக்கப்படுவதில்லை, பத்திரம் உரியவர் பெயரிலேயே இருக்கிறது என்ற வாதம் திரும்பத் திரும்ப முன்வைக்கப்படுகிறது. இதை நான் ஏற்கவில்லை. இந்தியாவின் 1962ஆம் ஆண்டுக் குழாய்ப்பாதைச் சட்டத்தைப் பாருங்கள். நிலம் உழவரிடமே இருக்கும்; குழாய் பதிக்கும் பயன்பாட்டு உரிமை மட்டும் அவரைவிட்டுச் செல்லும். பயிர்ச்சேதம் நீங்கலாக, அந்த உரிமைக்கு அவர் பெறுவது நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. அதன்பின் குழாய் செல்லும் அந்த நிலப்பட்டையில் அவர் வீடு கட்டக் கூடாது, கிணறோ குளமோ வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. கிணறு வெட்ட முடியாத வயலுக்கு வாங்குபவர் என்ன விலை தருவார்?

நிலவியலான்:
மேழியன் அவர்களே, நீங்கள் சொல்லும் பட்டை ஒடுக்கமானது; அதன்மேல் உழுது பயிரிடத் தடையில்லை. துளையிடும் முறையும் மாறிவிட்டது. செங்குத்தாக இறங்கிப் பின் கிடைமட்டமாகத் திரும்பும் கிணறுகள் பலவற்றை ஒரே மேடையிலிருந்து தோண்ட முடிவதால், முன்பு பல வயல்களில் நின்ற எந்திரங்கள் இன்று ஓரிடத்தில் நிற்கின்றன. நிலத்தடி வளமும் உழவருக்கே சொந்தமான இடங்களில் வருமானமும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்டில் ஒரு பங்குக்குக் குறையாத ராயல்டியை, அதாவது எடுக்கப்படும் வளத்தில் உரிமையாளருக்குச் சேரும் பங்கை, 1979ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்கிறது. கடனில் மூழ்கவிருந்த குடும்பம் அந்த வருமானத்தால் நிலத்தை விற்காமல் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்பதை ஏன் கணக்கில் கொள்ள மறுக்கிறீர்கள்?

மேழியன்:
அந்த எட்டில் ஒரு பங்கைக் கணக்கிடும்போது, எரிவாயுவைத் தூய்மைப்படுத்திச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்று அதே மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதைச் சரிபார்க்கும் வலிமை ஒரு சிறு உழவருக்கு இருக்கிறதா? அமெரிக்காவிலேயே மேல்நிலம் ஒருவருக்கும் கனிமம் வேறொருவருக்கும் உரியதாகிவிட்ட பரப்பு மிகப் பெரியது. கால்நடை வளர்ப்போருக்கு நிலம் வழங்கிய 1916ஆம் ஆண்டுச் சட்டம் அடியிலுள்ள கனிமங்களை நடுவண் அரசுக்கே ஒதுக்கிவைத்தது. அங்கே மேல்நிலத்துக்காரருக்கு ராயல்டியும் இல்லை, துளையிடுவதைத் தடுக்கும் அதிகாரமும் இல்லை.

நிலவியலான்:
வளம் பொதுவில் இருப்பதே நேர்மையானது என்பது என் உறுதியான கருத்து. பிரித்தானியா 1934இல் பெட்ரோலியம் முழுவதையும் அரசுடைமையாக்கியது. தற்செயலாக ஒரு வயலின் அடியில் கிடைக்கும் எரிவாயு, அவ்வயலுக்குரியவரை மட்டும் செல்வராக்கிப் பக்கத்து வயல்காரரை வெறுங்கையோடு விடுவது எந்த நியாயம்?

தணிகை:
நீங்கள் இருவருமே பத்திரம் வைத்திருப்பவரைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடுபவர், பொது மேய்ச்சல் நிலத்தை நம்பியவர், வழிவழியாக உழுதும் பதிவு பெறாதவர் ஆகியோரின் பெயர் எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் எளிதில் ஏறுவதில்லை. நைஜீரியாவில் 1978ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டுச் சட்டம் மாநில நிலம் அனைத்தையும் ஆளுநரின் பொறுப்பில் வைத்தது. அதனால் நிலம் எடுக்கப்படும்போது இழப்பீடு பயிருக்கும் கட்டடத்துக்கும் உரியதாகிறது. மண்ணின் சந்தை மதிப்புக்கென்று எதுவும் இல்லை. எனக்கு இதுவே முதன்மையான கேள்வி.

நிலவியலான்:
அது எண்ணெய்க்கு முன்பே இருந்த நிலச் சட்டக் குறை. சாலைக்கும் அணைக்கும் நிலம் எடுத்தபோதும் அவர்கள் இவ்வாறே விடுபட்டார்கள். பயன்பாட்டு உரிமைகளைப் பதிவு செய்தால் இது தீரும்.

மேழியன்:
துளையிடும் உரிமம் வழங்கிய பிறகா, முன்பா? பதிவு முடியாமல் உரிமம் கூடாது என்று சட்டத்தில் எழுத நீங்கள் உடன்பட்டால், நம்மிடையே அந்தப் பகுதியில் சண்டை இல்லை. ஆனால் எண்ணெய்க் கிணறு வற்றிய பின் நிகழ்வதையும் பேச வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டாவில், திவாலான நிறுவனங்கள் மூடாமல் விட்டுச்சென்ற கிணறுகள் உழவர்களின் வயல்களிலேயே நிற்கின்றன. கடன்காரர்களுக்குப் பணம் தருமுன் துப்புரவுக் கடமையை நிறைவேற்ற வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019இல் கூறியது உண்மைதான். எனினும் நிறுவனத்திடம் சொத்தே மிஞ்சாதபோது அத்தீர்ப்பால் வயல் சீராகாது. ஆகவே மூடுவதற்கான முழுத் தொகையையும் முதல் துளைக்கு முன்பே வைப்புத்தொகையாகக் கட்டவைக்க வேண்டும் என்கிறேன்.

நிலவியலான்:
முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்டால் சிறு நிறுவனங்கள் வரமாட்டா. உற்பத்தி தொடங்கியதும் ஆண்டுதோறும் பிடித்தம் செய்யலாம்.

தணிகை:
உற்பத்தியே தொடங்காமல் கைவிடப்படும் ஆய்வுக் கிணறுகளுக்கு எதிலிருந்து பிடிப்பீர்கள்?