மறு: செல்விழுங்கலா, துகள்விழுங்கலா?

> மீனின் தற்காப்புச் செல்கள் அன்னியத் துகளை உள்ளே எடுப்பதற்குச் (phagocytosis) ‘செல்விழுங்கல்’ என்று வைக்கலாமா? இலங்கையில் ‘தின்குழியமை’ என்கிறார்கள்.

வணக்கம் அக்கா,

‘செல்விழுங்கல்’ வேண்டாம். பாம்புக்கடியில் கடிப்பது பாம்பு; மீன்பிடிப்பில் பிடிபடுவது மீன். இங்கே செல் விழுங்குகிறதா, விழுங்கப்படுகிறதா? ‘தின்குழியமை’யில் குழியம் என்றால் செல்; அதை நாகர்கோவில் பிள்ளைகள் குழி என்றே படிப்பார்கள். தின்றல் என்றால் செரிப்பதும் சேர்ந்துவிடும். என் முன்மொழிவு ‘துகள்விழுங்கல்’.

ஒட்டல், விழுங்கல், செரித்தல் மூன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும். விளமீனைக் கீறினால் செவுளுக்குப் பின்னே, முதுகுமுள்ளோடு ஒட்டிக் கருஞ்சிவப்பாகத் தெரிவது தலைச்சிறுநீரகம். மீனுக்கு ரத்தம் ஊறும் எலும்புமஜ்ஜை கிடையாது, அந்த வேலை இங்கேதான். இதைச் சல்லடையில் தேய்த்து எடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டவிட்டு, சூட்டில் கொன்ற ஈஸ்ட் சேர்த்து 1 மணி நேரம் வைத்தால், சில ஈஸ்ட் உள்ளே போகும். சில சவ்வின்மேல் ஒட்டியே நிற்கும். டிரிப்பான் நீலம் என்ற சாயம் விட்டால் வெளியே நிற்பது நீலமாகும், உள்ளே போனது வெளிறியே இருக்கும். அதற்கு முன்பே மெத்தனாலில் நிலைப்படுத்திவிட்டால் சவ்வு ஓட்டையாகி எல்லாமே நீலம், எண்ணிக்கை பாழ். ஒப்பிட 4 டிகிரியில் ஒரு தகடு வேண்டும்: அங்கே ஒட்டல் உண்டு, விழுங்கல் அநேகமாக இராது.

—

தம்பி,

பாம்புக்கடி வாதம் சரி. துகள்விழுங்கல் என்றே எழுதிக்கொள்வோம். துளித்துளியாக நீர்மத்தை எடுப்பதற்குத் ‘துளிக்குடிப்பு’ பக்கத்தில் பொருந்தி உட்காருகிறது.

விழுங்கும் செல்லுக்கு (phagocyte) ‘விழுங்கணு’ என்று தனிச் செல்வகை போலப் பெயர் வைப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. வானவில் டிரவுட் மீனின் பி செல்களும் (எதிர்ப்புரதம் சுரக்கும் வெள்ளணுக்கள்) துகளை விழுங்கும் என்று 2006-இல் காட்டிவிட்டார்கள். அதனால் ‘விழுங்கும் செல்’ என்று பெயரெச்சமாகவே இருக்கட்டும்.

துகளின்மேல் படிந்து விழுங்கலை எளிதாக்கும் புரதமான ஆப்சோனினுக்கும் இப்போதே சொல் வேண்டும். கிரேக்கத்தில் ‘ஆப்சோன்’ என்பது ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வது. நம்ம ஊர்த் தொடுகறியேதான்! ‘தொடுபுரதம்’ என்கிறேன். ஒரு முனை துகளில் ஒட்டும், மறுமுனை செல்லின் ஏற்பியைத் தொடும். செயலும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. ஈஸ்டை அதே மீனின் புதுச் சீரத்தில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கொடுத்தால் கூடுதலாக உள்ளே போகும். சீரத்தைச் சூடாக்கிவிட்டால் அதிலுள்ள நிரப்புப்புரதம் (complement, இதுவும் தொடுபுரதமாக வேலை செய்வது) கெட்டு, எண்ணிக்கை இறங்கும்.

‘ஒட்டல்’ சரிதானா, ‘பற்றல்’ மேலா? ஏற்பி பிடிப்பதால் எனக்குப் ‘பற்றல்’.